நான்கு வண்ணங்களில் ஒரு முகம்: ஆயில் போர்ட்ரெய்ட் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழகுபவர்கள், அதிலும் வாட்டர்கலர், அக்ரிலிக் எல்லாம் ஓரளவு கைவந்தபின் இந்தப் பக்கம் வருபவர்கள், ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றவில்லை. எல்லாமே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற நான்கே வண்ணங்களில் போர்ட்ரெய்ட் செய்யும் முறையைப் பற்றியவை. புதிதாகத் தொடங்குபவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நிற்கின்றன.

நாலே கலர்னா எது எது? ஏன் நாலோட நிறுத்திக்கணும்?

டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், காட்மியம் ரெட் லைட் (அல்லது வெர்மிலியன்), ஐவரி பிளாக். இவ்வளவுதான். சிவப்பு மட்டும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்ததாக இருக்க வேண்டும். கிரிம்சன் மாதிரி ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பை வைத்துக்கொண்டால் ஓக்கரோடு சேர்த்தாலும் தோலின் சூடு, அதாவது அந்த ஆரஞ்சுச் சாயல், வராது.

உலகத்தில் எந்த நாட்டு முகமானாலும் தோலின் நிறம் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது. வெளிறிய ஆரஞ்சு, அடர்ந்த ஆரஞ்சு, மங்கிய ஆரஞ்சு, நிழலில் கறுத்த ஆரஞ்சு. இருபது டியூப் இருந்தால் உதட்டுக்கு ஒரு சிவப்பு, கன்னத்துக்கு இன்னொரு சிவப்பு என்று எடுக்கத் தோன்றும்; கடைசியில் உதடும் கன்னமும் இரண்டு வேறு முகத்திலிருந்து வந்தவைபோல நிற்கும். சிவப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால் உதட்டில் இருப்பதே காது மடலிலும், மூக்கு நுனியிலும், நெற்றியிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். முகம் தானாக ஒன்றுசேர்ந்துவிடும். கலர் தேடும் வேலையும் குறைகிறது. அந்த நேரத்தை வெளிச்சமும் நிழலும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதில் செலவழிக்கலாம். ஆள் அடையாளம் வருவது அங்கேதான்.

இதை ‘சோர்ன் பேலட்’னு சொல்றாங்களே, யார் அந்த சோர்ன்?

ஆண்டர்ஸ் சோர்ன், சுவீடன்காரர். 1860-ல் மோரா என்ற ஊரில் பிறந்து, உலகம் சுற்றி, அதே ஊரில் 1920-ல் காலமானவர். ஆரம்பத்தில் வாட்டர்கலரில்தான் பெயர் வாங்கினார். 1880-களின் கடைசியில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தங்கியிருந்தபோது ஆயிலுக்கு மாறினார். அமெரிக்க அதிபர்கள் குரோவர் கிளீவ்லாந்தையும் (1899) வில்லியம் டாஃப்டையும் (1911) வரைந்தவர். 1896-ல் தன்னையே, பின்னால் ஒரு மாடலோடு, வரைந்துகொண்ட படத்தில் அவர் கையில் இருக்கும் பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) இந்த நான்கு வண்ணக் குவியல்கள்தான் தெரிகின்றன. பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

அவர் எப்போதும் நான்கோடு நிறுத்திக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கடல், புல்வெளி வரும் படங்களில் பச்சையும் நீலமும் தாராளமாகவே இருக்கின்றன. முகம் வரையும்போது நான்கு போதும் என்று கண்டவர், அவ்வளவுதான். நான்கு வண்ணம் என்ற யோசனையும் அவருடையது இல்லை. பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸும் அவர் காலத்தவர்களும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கை வைத்தே பெரிய படைப்புகளைச் செய்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

கடையில ஒரே கலர்ல மூணு விலை இருக்கு. ‘ஹ்யூ’ன்னு போட்டது வாங்கலாமா?

‘ஹ்யூ’ என்றால் பெயரில் உள்ள அசல் நிறமி அதில் இல்லை. ஏறக்குறைய அதே நிறம் தரும் வேறு நிறமி இருக்கிறது என்று பொருள். பழகுவதற்குத் தாராளமாக வாங்கலாம். அசல் வெர்மிலியன் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்பார்களே, அதேதான். இன்று அது விலையும் அதிகம், தேவையும் இல்லை. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும். சிவப்பில் பிஆர் 108 என்றிருந்தால் அசல் காட்மியம். ஓக்கரில் பிஒய் 42 அல்லது 43, கறுப்பில் பிபிகே 9, வெள்ளையில் பிடபிள்யூ 6. பெயரை நம்புவதைவிட எண்ணை நம்புங்கள்.

காசு மிச்சம் பிடிப்பதென்றால் ஓக்கரிலும் கறுப்பிலும் பிடியுங்கள். அவை மண்ணும் கரியும்தான். மலிவானதுகூட நன்றாகவே இருக்கும். வெள்ளை மட்டும் நல்லதாக, பெரிய டியூபாக வாங்குங்கள். மற்ற மூன்றும் சேர்ந்து செலவாவதைவிட வெள்ளை அதிகம் செலவாகும். வெறும் ஜிங்க் ஒயிட் வேண்டாம். வருடங்கள் போனால் அந்தப் படலம் முறுமுறுவென்று வெடிக்கக்கூடியது. கறுப்பில் மார்ஸ் பிளாக்கும் வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

நீலமே இல்லாம எப்படி சார்? நரம்பு, தாடி மழிச்ச இடம் எல்லாம் நீலமாத்தானே தெரியுது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்து நடுத்தரச் சாம்பல் ஒன்று செய்யுங்கள். அதில் ஒரு பொட்டு வெறும் கேன்வாஸில் வையுங்கள். இன்னொரு பொட்டை, ஓக்கரும் சிவப்பும் கலந்து பூசிய ஆரஞ்சுக்கு நடுவில் வையுங்கள். இரண்டும் ஒரே கலவைதான். ஆனால் ஆரஞ்சுக்கு நடுவில் இருப்பது நீலமாகத் தெரியும். சூடான நிறத்தால் சூழப்பட்ட எந்தச் சாம்பலையும் கண் குளிர்ச்சியாக, அதாவது நீலச் சாயலோடுதான் படிக்கும். ஐவரி பிளாக் வெள்ளையோடு சேரும்போது இயல்பாகவே நீலச் சாயல் காட்டும், அதனால் வேலை இன்னும் சுலபம். மார்ஸ் பிளாக்கில் வரும் சாம்பல் பழுப்புப் பக்கம் போய்விடும். அதைத்தான் வேண்டாம் என்றேன்.

முழு முறையும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு நிறம் என்னவாகத் தெரிகிறது என்பதை அதன் பக்கத்தில் இருப்பது தீர்மானிக்கிறது. எனவே மழித்த தாடைக்கு நீலம் தேட வேண்டாம். அந்த இடத்தில் தோல் கலவையின் சிவப்பைக் குறைத்து ஒரு துளி கறுப்பும் வெள்ளையும் சேருங்கள், தாடை நீலமாகிவிடும். பச்சைக்கும் இதே வழிதான். ஓக்கரோடு கறுப்பு சேர்ந்தால் ஒரு மங்கிய ஆலிவ் பச்சை வரும். கழுத்து நிழலிலும் கண்ணுக்குக் கீழேயும் அது நிறைய வேண்டியிருக்கும்.

லின்சீட் ஆயில் விலை ஜாஸ்தி. வீட்டுல இருக்கிற எண்ணெய் ஊத்தலாமா? டர்பன்டைன் ஹார்டுவேர் கடையில வாங்கினா போதுமா?

வீட்டு எண்ணெய் கூடவே கூடாது. ஆயில் பெயின்ட் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் கெட்டிப்படலமாக மாறுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமே கிடையாது, எத்தனை வருடம் வைத்தாலும் காயாது. நல்லெண்ணெய் பிசுபிசுப்போடு நின்றுவிடும். ஹார்டுவேர் கடை ‘டபுள் பாயில்ட்’ எண்ணெய் மரக்கதவுக்கு. அதில் சீக்கிரம் காய்வதற்கான மருந்து சேர்ந்திருக்கும், மஞ்சளடிக்கும். கலைப்பொருள் கடையில் சின்ன பாட்டிலில் விற்கும் ரிஃபைன்டு லின்சீட் ஆயில் ஒன்று வாங்கினால் பல மாதம் வரும். முதல் சில படங்களுக்கு அதுகூட வேண்டாம். டியூபில் இருக்கும் எண்ணெயே போதும்.

ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் தருவது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மினரல் டர்பன்டைன். பிரஷ் கழுவ அது போதும். பெயின்டில் கலக்க மட்டும் கலைஞர்களுக்கென்று விற்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ், கேன்வாஸ் எது எது வேணும்?

பன்றிமுடி பிரஷ், நுனி வளைந்த ஃபில்பர்ட் வகை, 4, 6, 8 ஆகிய எண்களில் இரண்டிரண்டு. வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் நிறங்கள் கலந்து சேறாவது பாதி அங்கேயே குறையும். கடைசி நேரக் கண் இமைக்கு ஒரு மெல்லிய பிரஷ். அதை முதல் நாள் டப்பாவிலிருந்தே எடுக்காதீர்கள். கேன்வாஸ் 12-க்கு 16 அங்குலம் தொடக்கத்துக்கு வசதி. பேலட்டாக ஒரு கண்ணாடித் துண்டு வாங்கி, அடியில் சாம்பல் நிறக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பேலட்டில் கலக்கும் தோல் நிறம் எப்போதும் உண்மையைவிடக் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நல்லதுன்னு எல்லா புக்லயும் இருக்கு. எங்க வீட்டு வடக்கு ஜன்னல்ல வெயில் அடிக்குதே?

அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவில் எழுதியவை. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். நமக்கு அப்படி இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. கன்னியாகுமரிப் பக்கம் இந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள், அல்லது தெற்கு ஜன்னலுக்கு மாறுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடக்கு ஜன்னலில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

மாடலுக்கு ஒரே பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். டியூப்லைட்டையும் ஜன்னலையும் ஒன்றாக வைத்தால் நிழல் இரண்டாகப் பிரிந்து குழப்பும். நான்கு வண்ணத்தில் அதைச் சமாளிப்பது பெரும்பாடு.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? கண்ணு சரியா வந்துட்டா மீதி வந்துடும்தானே?

நம் ஊரில் சாமிக்குக் கண் திறப்பதே கடைசியில்தான். முகத்துக்கும் அதே வரிசை நல்லது. முதலில் கறுப்பும் ஓக்கரும் கொஞ்சம் சிவப்பும் கலந்த பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளை போய் ஒரு மிதமான பழுப்பு நிற்கும். அதன்மேல் அதே கலவையால் தலையின் உச்சி, தாடை, இரண்டு பக்க எல்லை, அப்புறம் கண் வரி. பெரியவர்களுக்குத் தலையின் சரிபாதியில் கண் வரும். நெற்றியைச் சின்னதாக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவதுதான் ஏறக்குறைய எல்லோரும் செய்வது. முடியையும் தலையின் பங்காகச் சேர்த்து அளங்கள்.

அடுத்தது நிழல். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கண் குழி, மூக்கின் ஒரு பக்கம், மேலுதட்டின் அடி, தாடைக்கு அடி, கழுத்து எல்லாம் ஒரே கறுத்த வடிவமாகச் சேரும். அந்த ஒற்றை வடிவத்தை ஒரே கலவையால் நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எந்தக் கலரும் காப்பாற்றாது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பழுப்பு ஈரமாக இருக்கும்வரை துடைப்பது இலவசம்.

ஸ்கின் டோனுக்கு ஒரு ஃபார்முலா சொல்லுங்களேன். யூடியூப்ல எல்லாம் வெள்ளைக்காரங்க ஸ்கின்னுக்குத்தான் சொல்றாங்க.

ஃபார்முலா கிடையாது, ஆனால் ஒரு வழி இருக்கிறது. பேலட் கத்தியால் ஓக்கர் நான்கு பங்கும் காட்மியம் ரெட் ஒரு பங்கும் கலந்து ஓர் ஆரஞ்சுக் குவியல் செய்யுங்கள். காட்மியத்துக்கு வீரியம் அதிகம். சம அளவு போட்டால் செங்கல் ஆகிவிடும். அதில் கத்தி நுனியளவு கறுப்பு சேர்த்தால் ஒரு நல்ல பழுப்பு வரும். நம்மில் பெரும்பாலானோரின் தோலுக்கு இதுதான் தாய்க் கலவை. வெள்ளைத்தோல் வீடியோக்களில் வெள்ளையிலிருந்து தொடங்கி அதில் மற்றவற்றைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். நாம் பழுப்பிலிருந்து தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளை சேர்க்கிறோம். முழு வித்தியாசமும் இந்த வரிசையில் இருக்கிறது.

தாய்க் கலவையை ஐந்தாகப் பிரியுங்கள். நடுவில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் இரண்டு குவியல்களில் ஓக்கரும் வெள்ளையும் ஏற ஏற வெளிச்சம். மறு பக்கம் இரண்டில் கறுப்பும் சிவப்பும் ஏற ஏற நிழல். நிழல் குவியல்களில் வெள்ளை ஒரு துளிகூட வேண்டாம். மாடலின் நெற்றிக்கு நேராகக் கத்தி நுனியில் கலவையை நீட்டி, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்பாக இருக்கிறதா, சிவப்பாக இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

முகம் முழுக்க ஒரே பழுப்பு இல்லை. நெற்றியில் ஓக்கர் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கன்னம், மூக்கு, காதில் ரத்த ஓட்டத்தால் சிவப்பு கூடும். வாயைச் சுற்றியும் தாடையிலும் மேலே சொன்ன சாம்பலோ ஆலிவோ வரும். கறுத்த தோலிலும் இது உண்டு, ஆனால் சன்னமாக. கன்னத்தின் சிவப்பை நிழல் விளிம்பில் தேடுங்கள், அங்கேதான் தெரியும்.

நல்லாத்தான் கலக்குறேன், ஆனா கேன்வாஸ்ல போட்டதும் எல்லாம் சேறாயிடுது. நிழல் கரி பூசின மாதிரி இருக்கு.

சேற்றுக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நிழலில் வெள்ளை புகுந்துவிடுவது. வெள்ளை எதில் சேர்ந்தாலும் அதைக் குளிர்ச்சியாக்கும், சுண்ணாம்பு பூசியதுபோல மங்கவைக்கும். இரண்டாவது, நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்து வெறும் கறுப்பை ஏற்றுவது. ஜன்னல் வெளிச்சம் குளிர்ச்சி, எனவே நிழல் சூடாக இருக்க வேண்டும். கறுப்பு போட்ட ஒவ்வொரு முறையும் சிவப்பையும் ஓக்கரையும் சேர்த்துப் போடுங்கள். மூக்குத் துளை, உதடுகள் சேரும் கோடு, கண்ணின் மேல் இமை மடிப்பு, இவற்றில் சிவப்பு கலந்த கறுப்பு வைத்தால் உடனே உயிர் வரும்.

மூன்றாவது, தடவிக்கொண்டே இருப்பது. ஒரு பூச்சை வைத்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லையா, கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். இரண்டு ஈரக் கலவைகளின் விளிம்பைப் பத்து முறை தேய்த்து இழைத்தால் முகம் மொழுமொழுவென்று பிளாஸ்டிக் பொம்மையாகும்.

ஹைலைட்டுக்கு வெள்ளையை அப்படியே வைக்கலாமா?

கூடாது என்பதுதான் பொது விதி, டியூபிலிருந்து வந்த வெள்ளை முகத்தில் எங்குமே வேண்டாம். கறுத்த தோலில் ஹைலைட், அதாவது ஒளி பளிச்சிடும் இடம், வெள்ளைத்தோலைவிடத் தெளிவாகவும் கூர்மையாகவும் தெரியும். ஜன்னலின் வானம்தான் அங்கே பிரதிபலிக்கிறது. எனவே வெள்ளையில் துளிக் கறுப்பு சேர்த்த சாம்பலை, பழுப்பின் மேல் ஒரே தொடுதலில் வையுங்கள். நீலமாக மின்னும். மூக்குத்தண்டு, கீழுதடு, நெற்றி மேடு, இந்த மூன்றில் எது பிரகாசம் என்று முதலிலேயே முடிவுசெய்து மற்ற இரண்டையும் ஒரு படி அடக்குங்கள்.

கண்ணோட வெள்ளை, பல்லு?

இரண்டுமே வெள்ளை இல்லை. நிழலுக்குள் இருக்கும் சாம்பல் பழுப்பு. கன்னத்தின் வெளிச்சத்தைவிடக் கறுப்பாக வைத்துப் பாருங்கள், சரியாக இருக்கும். சிரிக்கும் போர்ட்ரெய்ட்டை முதலில் எடுக்காதீர்கள்.

நெத்தியில பொட்டு, விபூதி இருந்தா?

பொட்டு வந்தால் எனக்குச் சந்தோஷம். படத்தில் சிவப்பை டியூபிலிருந்து கலப்படமில்லாமல் வைக்க நியாயமான ஒரே இடம் அது. அதைக் கடைசியில் வைக்காமல் தோல் நிறம் போடும்போதே வைத்துவிடுங்கள். மற்ற சிவப்பையெல்லாம் அதோடு ஒப்பிட்டு அடக்க வசதி. உதட்டுச் சிவப்பு எவ்வளவு குறைவானது என்பது அப்போதுதான் புரியும். நிழல் பக்கம் விழும் பொட்டின் பாதியில் ஒரு துளி கறுப்பு சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் நெற்றியில் ஒட்டாமல் மிதக்கும்.

விபூதிக்கு வெள்ளையும் துளிக் கறுப்பும். தோல் பாதி காய்ந்தபின் உலர்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுத்தால் அடியிலிருக்கும் பழுப்பு ஊடாகத் தெரியும். விபூதி அப்படித்தானே இருக்கும்.

மயில் கழுத்துக் கலர் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்காங்க. நாலு கலர்ல எப்படி?

முடியாது. இந்த நான்கில் வரவே வராதவை அடர்ந்த நீலம், பளிச்சென்ற பச்சை, ஊதா, ராணிப் பிங்க். முதல் வழி, புடவையை மாற்றச் சொல்வது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு, சந்தனம், பழுப்பு எல்லாம் நன்றாகவே வரும். இரண்டாவது வழி, ஐந்தாவது டியூப். அல்ட்ராமரைன் புளூ, தேவைப்பட்டால் விரிடியன் என்ற பச்சை. ஆனால் முகத்தை நான்கில் முடித்துவிட்டுப் பிறகு திறங்கள். முழு வீரியத்தோடு போடாமல் ஐவரி பிளாக் கலந்து ஒருபடி மங்கவையுங்கள். அந்த நீலத்தில் கொஞ்சத்தைக் கழுத்து நிழலிலும் பின்னணியிலும் தொட்டுவிட்டால் புடவை தனியாகக் கத்தாது.

சரிகைக்கும் நகைக்கும் தங்கநிற பெயின்ட் வாங்காதீர்கள். ஓக்கர், அதன் நிழலில் கறுப்பு கலந்த ஓக்கர், ஒளிரும் இடத்தில் வெள்ளை கலந்த ஓக்கர் போதும். ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. காட்சிக்கு இருக்கும்போது கிட்டப்போய் நகையைப் பாருங்கள். தள்ளி நின்றால் தங்கம், கிட்டப்போனால் மஞ்சளும் பழுப்பும்.

காய எத்தனை நாள் ஆகும்? மழைக்காலத்துல காயவே மாட்டேங்குதே?

மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்கு வர சில நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். நான்கிலும் வேகம் வேறு. ஓக்கர் ஓரளவு சீக்கிரம் காயும். ஐவரி பிளாக்கும் காட்மியமும் மெதுவாக. வடகிழக்குப் பருவமழையில் எல்லாமே இழுக்கும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறையில் வையுங்கள். பீரோவுக்குள் இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும், பூஞ்சையும் வரும்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். அடிப் பூச்சு டர்பன்டைனில் கரைத்தது, அடுத்தது டியூபிலிருந்து வந்தபடி, கடைசியில் வேண்டுமானால் ஒரு சொட்டு லின்சீட். தலைகீழாகச் செய்தால் மேலே முதலில் இறுகி, அடியில் மெதுவாக அசைந்து, விரிசல் விடும். அதே காரணத்தால் அடியில் வெறும் ஐவரி பிளாக்கைத் தடிமனாகப் பூசக் கூடாது.

காய்ஞ்சதும் தலைமுடி மட்டும் வெளிறிப்போய் மங்கலா ஆயிடுச்சு. மேல இன்னும் கறுப்பு அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். கறுப்பு வெளிறவில்லை, அதன் எண்ணெயைக் கேன்வாஸ் உறிஞ்சிவிட்டதால் மேற்பரப்பு மினுமினுப்பில்லாமல் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தபின் அந்த இடத்தில் மட்டும் லின்சீட் எண்ணெயை மெல்லத் தேய்த்து, உடனே துணியால் முழுக்க ஒற்றி எடுத்துவிடுங்கள். பழைய ஆழம் திரும்பும். அதன்மேல் திருத்த வேண்டியதைத் திருத்தலாம்.

இன்னொன்று, முடியை வெறும் கறுப்பாக வரையவே வேண்டாம். நிழலில் சிவப்பு கலந்த கறுப்பு, வெளிச்சம் விழும் இடத்தில் சாம்பல். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை என்றால் அந்தச் சாம்பல் நல்ல வெளிறலாகவே வரும்.

சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடு. இதெல்லாம் விஷமா?

காட்மியம் தூளாகி மூக்குக்குள் போகக் கூடாது, வயிற்றுக்குள் போகக் கூடாது. பெயின்டாக இருக்கும்போது கவனமாகக் கையாண்டால் போதும். காய்ந்த படத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை உண்மையிலேயே நச்சு, வீட்டில் வேண்டாம். டர்பன்டைன் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கதவைச் சாத்தி உட்காராதீர்கள்.

பலருக்குத் தெரியாதது துணி விஷயம். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

அப்பா தவறிட்டார். ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் இருக்கு. அதைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். ஆனால் ஸ்டுடியோ போட்டோவில் இரண்டு பக்கமும் விளக்கு வைத்திருப்பதால் நிழலே இருக்காது. மூக்கும் கன்னமும் தட்டையாக இருக்கும். அண்ணனோ தம்பியோ பிள்ளையோ, முக வெட்டு ஒத்த ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அடையாளத்தைப் போட்டோவிலிருந்தும், நிழலையும் தோல் நிறத்தையும் உட்கார்ந்திருப்பவரிடமிருந்தும் எடுங்கள். பழைய கலர் பிரின்ட் சிவப்பேறிப்போயிருந்தால் அதன் கலரை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் கண் ஏமாறாது.

நீங்களே போட்டோ எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுங்கள்.

படம் கேட்டவங்க ‘கொஞ்சம் கலரா போடுங்க’ன்னு சொல்றாங்க. என்ன செய்யறது?

போர்ட்ரெய்ட் எடுத்துச் செய்யும் எல்லோரும் சந்திப்பது இது. கல்யாண ஆல்பத்தில் செய்வதை உங்களிடமும் எதிர்பார்க்கிறார்கள். தோல் கலவையில் வெள்ளையை ஏற்றினால் முகம் சிவக்காது, சாம்பல் பூத்துப்போகும். ஆள் அடையாளமும் கெடும். அவர்களுக்கே பிடிக்காது, ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாது. நான் தோலைத் தொடமாட்டேன். பின்னணியை இரண்டு படி கறுப்பாக்குவேன். நீலம் பற்றிய கேள்வியில் சொன்ன அதே கணக்குதான், பக்கத்தில் கறுப்பு வந்ததும் அதே பழுப்பு ஒளிர ஆரம்பிக்கும். வெளிச்சப் பக்கத்துக் கன்னத்தில் ஓக்கரைக் கொஞ்சம் கூட்டுவேன். பத்தில் எட்டுப் பேர் ‘இப்பதான் சரியா இருக்கு’ என்பார்கள். அதற்குமேல் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். அட்வான்ஸ் வாங்கும்போதே இதைப் பேசிவிடுவது உத்தமம்.

வார்னிஷ் எப்ப அடிக்கணும்? அடுத்த வாரம் டெலிவரி கேட்கிறாங்க.

மெல்லிய பூச்சுள்ள படத்துக்கு ஆறு மாதம், தடிமனான பூச்சு என்றால் ஒரு வருடம் கழித்து. தொட்டால் ஒட்டவில்லை என்பது உள்ளே காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. அவசரமென்றால் ரீடச் வார்னிஷ்ஷை, படம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின், மெல்லிசாக ஒரு முறை அடித்துக் கொடுக்கலாம்; மங்கல் இடங்கள் சமமாகும், அடியில் பெயின்ட் தொடர்ந்து காயும். கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள் ஈரப் படத்தை வைத்து அடைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று பில்லிலேயே எழுதிவிட்டால், அவர்களுக்கும் ஞாபகம் இருக்கும், உங்களுக்கும் படம் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும்.